மியூட்டேஷன் கிடைச்சிடுச்சு சரி, அதுதான் காரணமா? டிபி கிருமியோட ட்ரக் ரெசிஸ்டன்ஸ் வேலையில நான் கத்துக்கிட்டது

டிபி கிருமி ஒரு மருந்துக்கு ரெசிஸ்டன்ட் ஆயிடுச்சா, அதாவது அந்த மருந்து இருந்தும் வளருதான்னு கண்டுபிடிக்கறது ஒரு வேலை, எந்த மியூட்டேஷனால, அதாவது டிஎன்ஏ-யில வந்த எந்த மாற்றத்தால ஆச்சுன்னு நிரூபிக்கறது முழுக்க வேற வேலை, இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டா வருஷக்கணக்குல உழைப்பு வீணாப் போகும். நான் மைக்கோபாக்டீரியா ஜெனெடிக்ஸ்ல ரொம்ப வருஷமா இருக்கேன், புதுசா பிஹெச்டிக்கு சேர்ற பசங்ககிட்ட திரும்பத் திரும்ப சொல்ற விஷயங்களை ஒரு தடவை உக்காந்து எழுதிடலாம்னு தோணுச்சு. மத்த பாக்டீரியாவுல வேலை பார்த்துட்டு இந்தப் பக்கம் வர்றவங்களுக்கு இது கண்டிப்பா உதவும், ஈகோலையில பழகின கைக்கு இங்க வந்தா கொஞ்ச நாள் எதுவுமே ஓடாது.

முதல் காரணம் வேகம். ஈகோலை 20 நிமிஷத்துல ரெண்டாப் பிரியும், டிபி கிருமிக்கு அதே வேலைக்கு 18 மணி நேரத்துல இருந்து ஒரு நாள் வரைக்கும் ஆகும். பிளேட்டுல கண்ணுக்குத் தெரியற மாதிரி காலனி வர மூணு நாலு வாரம். அப்போ இன்னைக்கு ஒரு கன்ட்ரோல் போட மறந்தா அது தெரியவர்றது அடுத்த மாசம்தான், மறுபடி ஆரம்பிச்சா இன்னொரு மாசம். அதனால இங்க எக்ஸ்பெரிமென்ட் பண்றதைவிட பண்றதுக்கு முன்னாடி பேப்பர்ல எழுதிப் பாக்கறதுதான் பெரிய வேலை: எந்தப் பிளேட் எதுக்கு, மருந்தே இல்லாத பிளேட் எங்க, கண்டிப்பா சாகவேண்டிய ஸ்ட்ரெய்ன் (கிருமியோட ஒரு தனி வம்சம்) எங்க, கண்டிப்பா வளரவேண்டிய ஸ்ட்ரெய்ன் எங்க. இந்த ரெண்டு கன்ட்ரோலும் இல்லாம வர்ற ரிசல்ட்டை நான் பாக்கறதே இல்ல.

இந்த மெதுவான வளர்ச்சிக்காகத்தான் நாங்க நிறைய வேலையை முதல்ல டிபி கிருமியோட சொந்தக்காரனான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ்ல பண்ணிப் பாப்போம். அது மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பிரியும், மூணு நாள்ல காலனி வந்துடும், நோய் பயமும் ரொம்பக் கம்மி. எம்சி-ஸ்கொயர்-155-னு ஒரு ஸ்ட்ரெய்ன், 1990-ல வெளியானது, பிளாஸ்மிடை, அதாவது குரோமோசோமுக்கு வெளிய தனியா இருக்கற குட்டி டிஎன்ஏ வளையத்தை, ஈஸியா உள்ள வாங்கிக்கும், அது வந்ததுக்கு அப்புறம்தான் மைக்கோபாக்டீரியல் ஜெனெடிக்ஸ்னு ஒரு துறையே உருப்படியா நிமிர்ந்து நின்னுச்சுன்னு சொல்லலாம். ஆனா எல்லாக் கேள்விக்கும் ஸ்மெக்மாடிஸ் பதில் சொல்லாது. அதுக்குள்ள ஏஆர்ஆர்னு ஒரு என்சைம் இருக்கு, ரிஃபாம்பிசின்ங்கற டிபி மருந்தையே மாத்தி செயலிழக்கப் பண்ணிடும், அதனால அதோட எம்ஐசி, அதாவது வளர்ச்சியை நிறுத்தற குறைஞ்சபட்ச மருந்து அளவு, டிபி கிருமியோட அளவைவிட ரொம்ப மேல நிக்கும். பைரசினமைடுக்கு அது பிறவியிலேயே ரெசிஸ்டன்ட். ஐசோநியாசிடும் டிபி கிருமியைக் கொல்ற அளவுல அதைக் கொல்லாது. டெக்னிக் பழக, ஒரு புரோட்டீன் என்ன பண்ணுதுன்னு பாக்க, கன்ஸ்ட்ரக்ட் (நாம கட்டின டிஎன்ஏ துண்டு) வேலை செய்யுதான்னு சோதிக்க ஸ்மெக்மாடிஸ் அருமை, ஆனா "டிபி-யில இந்த மியூட்டேஷனால எம்ஐசி எவ்வளவு ஏறும்"னு அதுல அளந்து எழுதக்கூடாது.

அடுத்தது கட்டி கட்டுறது. யாரும் புரோட்டோகால்ல அழுத்திச் சொல்லாத விஷயம், ஆனா பாதி பிரச்சினை இங்கதான். இந்த பாக்டீரியாவோட சுவர் முழுக்க மைக்கோலிக் ஆசிட், மெழுகு மாதிரி, தண்ணியைக் கண்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கிருமி வளர்ற மீடியாவுல ட்வீன் 80-ங்கற டிடர்ஜென்ட்டை 0.05 சதவீதம் போடுவோம், அப்பவும் குடுவையோட அடியில மணல் மாதிரி படிஞ்சிருக்கும், ஓரத்துல வளையம் கட்டும். இதை அப்படியே ஓடி (கல்ச்சர் எவ்வளவு கலங்கியிருக்குன்னு சொல்ற அளவு) பார்த்து "0.5 வந்திருக்கு, இத்தனை கோடி செல்"னு கணக்குப் போட்டா அது வெறும் நம்பர். ஒரு கட்டிக்குள்ள நூத்துக்கணக்குல செல் இருக்கும், பிளேட்டுல விழும்போது அது ஒரே ஒரு காலனியாத்தான் வரும், அந்தக் கட்டியில ஒரே ஒரு செல் ரெசிஸ்டன்ட்டா இருந்தாலும் மொத்தக் கட்டியும் ரெசிஸ்டன்ட் காலனியா நிக்கும். எம்ஐசி-யும் இதனாலேயே ஒரு தடவைக்கு ஒரு தடவை தாவும்.

நான் பண்றது என்னன்னா, கல்ச்சரைக் கொஞ்ச நேரம் அசையாம வெச்சு அடியில படிய விடுவேன், இல்லன்னா ரொம்ப மெதுவான வேகத்துல ஒரு சுத்து சுத்தி மேல இருக்கற பாகத்தை மட்டும் எடுப்பேன், முக்கியமான எக்ஸ்பெரிமென்ட்னா 5 மைக்ரான் ஃபில்டர்ல விட்டு வடிகட்டிடுவேன், அதுக்கப்புறம் ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்புல கட்டாயம் பாப்பேன். செல் ஒத்தையா ஒத்தையா தெரியணும், ரெண்டு மூணு சேர்ந்திருந்தா பரவாயில்ல, கொத்து கொத்தா இருந்தா திரும்ப வடிகட்டணும். செல் எண்ணிக்கையை எப்பவும் பிளேட் போட்டுத்தான் முடிவு பண்ணுவேன், ஓடி-யை வெச்சு இல்ல. இன்னொண்ணு, ட்வீன் 80-யை பாக்டீரியா உடைச்சு ஓலியிக் ஆசிடா மாத்தி சாப்பாடாவும் எடுத்துக்கும், சில மருந்துகளோட எம்ஐசி-யையும் அது மாத்தும். எந்த சாப்பாட்டுல வளருதுன்னு பாக்கற எக்ஸ்பெரிமென்ட்டுக்கு டைலாக்சபால்ங்கற வேற டிடர்ஜென்ட்டுக்கு மாறிடறது நல்லது.

சரி, இப்ப ரெசிஸ்டன்ஸுக்கு வர்றேன். டிபி கிருமியில இந்த விஷயம் ஒரு வகையில சுத்தமானது. மத்த பாக்டீரியா மாதிரி பிளாஸ்மிட் வழியா பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட ரெசிஸ்டன்ஸ் ஜீன் வாங்கற பழக்கம் இதுக்கு இல்ல, எல்லாமே சொந்த குரோமோசோம்ல வர்ற மியூட்டேஷன்தான். மொத்த ஜீனோமே சுமார் 44 லட்சம் பேஸ் (டிஎன்ஏ எழுத்து), கிட்டத்தட்ட 4000 ஜீன், லேப்கள் ஒப்பிடறதுக்கு வெச்சுக்கற எச்37ஆர்வி ஸ்ட்ரெய்னோட முழு சீக்வன்ஸ் 1998-ல வந்துடுச்சு. அதனால சீக்வன்ஸ் பண்ணினா காரணம் தன்னால தெரிஞ்சிடும்னு புதுசா வர்றவங்க நம்பறாங்க. அந்த நம்பிக்கையில ஒரு பாதிதான் உண்மை.

மருந்து போட்டதால மியூட்டேஷன் வர்றதில்ல, அது முன்னாடியே இருக்கு, மருந்து அதைத் தேர்ந்தெடுத்து மேல கொண்டு வருது. 1943-ல லூரியாவும் டெல்ப்ரூக்கும் ஈகோலையில, பாக்டீரியாவைத் தாக்கற ஃபேஜ் வைரஸை வெச்சு இதைக் காட்டினாங்க. நாங்க இன்னைக்கும் அதே ஃப்ளக்சுவேஷன் டெஸ்ட்டைத்தான் பண்றோம். ஒரே பெரிய கல்ச்சரை வளர்த்துப் பிளேட் போடாம, கொஞ்சமே கொஞ்சம் செல்லோட நிறைய சின்னச் சின்ன கல்ச்சரைத் தனித்தனியா ஆரம்பிக்கணும். ஒவ்வொண்ணையும் முழுசா மருந்து பிளேட்டுல பரப்பணும். ஒரு கல்ச்சர்ல ரெண்டு காலனி, இன்னொண்ணுல ஒண்ணுமே இல்ல, பக்கத்துல இருக்கறதுல எண்ண முடியாத அளவுக்கு காலனி, இப்படித்தான் வரும், வரவும் வேணும். அந்தக் கூட்டமா வந்த கல்ச்சர்ல மியூட்டேஷன் ஆரம்பத்துலேயே விழுந்து அதோட வாரிசுங்க எல்லாம் பெருகியிருக்கு. இதுல சராசரி எடுத்து மியூட்டேஷன் ரேட்னு எழுதற ஆளுங்களை இன்னும் பாக்கறேன், அந்த ஒரே ஒரு கல்ச்சர் சராசரியை எங்கேயோ இழுத்துட்டுப் போயிடும். மீடியன் வெச்சோ, இன்னும் ஒழுங்கா மேக்சிமம் லைக்லிஹுட் முறையிலயோ கணக்குப் போடுங்க, இதுக்கான புரோகிராம் எல்லாம் இலவசமாவே கிடைக்குது.

இதுலயே ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. ரெசிஸ்டன்ட் காலனியைப் பொறுக்கி சீக்வன்ஸ் பண்ணப் போறீங்கன்னா ஒரு கல்ச்சருக்கு ஒரே ஒரு காலனி. ஒரே பிளேட்ல இருந்து எடுத்த பத்து காலனியும் ஒரே வித்துல இருந்து வந்த அண்ணன் தம்பியா இருக்கலாம், பத்துலயும் ஒரே மியூட்டேஷன் வந்தா "ஆஹா இதுதான் ஹாட்ஸ்பாட், அடிக்கடி மியூட்டேஷன் விழற இடம்"னு தோணும், உண்மையில ஒரே நிகழ்வைப் பத்து தடவை எண்ணியிருப்போம்.

எந்த மருந்துக்கு எவ்வளவு அடிக்கடி ரெசிஸ்டன்ஸ் வருதுங்கறது அந்த மருந்து எப்படி வேலை செய்யுதுன்னும் சொல்லிக்கொடுக்கும், எனக்கு இந்தத் துறையில ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். ரிஃபாம்பிசின் போய் உக்கார்றது ஆர்பிஓபி ஜீன் செய்யற ஆர்என்ஏ பாலிமரேஸ்ல. அது இல்லாம பாக்டீரியா உயிரோட இருக்க முடியாது, அதனால மருந்து உக்கார்ற இடம் மட்டும் மாறணும், என்சைம் ஓடிக்கிட்டும் இருக்கணும், அந்த மாதிரி மியூட்டேஷன் ரொம்பக் கொஞ்சம், பெரும்பாலும் 81 பேஸ் நீளமுள்ள ஒரு சின்ன இடத்துக்குள்ளயே விழும், ரிஃபாம்பிசின் ரெசிஸ்டன்ட் ஸ்ட்ரெய்ன்ல 95 சதவீதத்துக்கும் மேல அங்கதான். ஐசோநியாசிட் கதை வேற. அது உள்ள போகும்போது மருந்தே இல்ல, கேட்-ஜி ஜீன் செய்யற கேட்டலேஸ்-பெராக்சிடேஸ் என்சைம்தான் அதை உசுப்பி மருந்தா மாத்துது, அப்புறம் அது இன்ஹா என்சைமைப் பிடிச்சு மைக்கோலிக் ஆசிட் உற்பத்தியை நிறுத்துது. கேட்-ஜி போனா ஐசோநியாசிட் வேலை செய்யாதுன்னு 1992-ல காட்டினாங்க. அப்போ கேட்-ஜியை எங்க உடைச்சாலும் ரெசிஸ்டன்ஸ் வரும், அதனாலதான் பிளேட்டுல ஐசோநியாசிட் ரெசிஸ்டன்ட் காலனி ரிஃபாம்பிசினைவிட நிறைய வருது.

ஆனா பாருங்க, நோயாளிங்ககிட்ட இருந்து வர்ற ஸ்ட்ரெய்ன்ல கேட்-ஜி முழுசா உடைஞ்சது அதிகம் இருக்காது, 315-வது இடத்துல செரின் போய் த்ரியோனின் வந்ததுதான் அதிகமா இருக்கும். ஏன்னா கேட்-ஜி அந்த பாக்டீரியாவுக்கும் வேணும், நம்ம உடம்பு அது மேல விடற பெராக்சைடை சமாளிக்கறதுக்கு. 315 மாறினா மருந்தை உசுப்பறது குறையுது, கேட்டலேஸ் வேலை பெரும்பாலும் நின்னுபோறதில்ல. பிளேட்டுல ஜெயிக்கறதும் மனுஷ நுரையீரல்ல ஜெயிக்கறதும் ஒண்ணு இல்லைன்னு இதைவிடத் தெளிவா எதுவும் காட்டாது. லேப்ல நீங்க எடுக்கற மியூட்டன்ட் லிஸ்ட்டையும் நோயாளிங்ககிட்ட கிடைச்ச லிஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, எங்க ஒத்துப்போகலையோ அங்கதான் அடுத்த கேள்வி ஒளிஞ்சிருக்கு.

இந்தக் கணக்கு ஆராய்ச்சிக்காரங்களுக்கு மட்டும் இல்ல, டிபி-க்கு ஏன் ஒரே ஒரு மருந்தை மட்டும் தர்றதில்லைங்கறதுக்கும் இதான் பதில். 1943-ல ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்சாங்க, 1948-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் வெளியிட்ட ட்ரையல்ல நோயாளிங்க முதல்ல நல்லா தேறினாங்க, கொஞ்ச மாசத்துல நிறைய பேர்கிட்ட ரெசிஸ்டன்ட் கிருமி வந்துடுச்சு. ஒரு நுரையீரல் குழிக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்கும், பத்து கோடியில ஒண்ணு ரெசிஸ்டன்ட்னாலும் அது அங்க ஏற்கனவே உக்காந்திருக்கும். ஒரே செல் ஒரே நேரத்துல ரெண்டு மூணு மருந்துக்கு ரெசிஸ்டன்ட்டா இருக்க வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி, கூட்டு மருந்து நிக்கறதே அந்தக் கம்மி மேலதான். கோர்ஸை நடுவுல விடாதீங்கன்னு டாக்டர்கள் கெஞ்சறதுக்குப் பின்னாடி இருக்கறதும் இந்தக் கணக்குதான்.

இப்போ தலைப்புல கேட்ட கேள்வி. ஒரு தடவை ஜூனியர் பையன் ஒருத்தன் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்தான்.

"அக்கா, ஆர்வி0678-ல ஃப்ரேம்ஷிஃப்ட் இருக்கு, அப்போ பெடாக்விலின் ரெசிஸ்டன்ட் தானே?"

"எம்ஐசி பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா, சென்சிடிவ்னு வருது, ரெண்டாவது தடவையும் அப்படியேதான். மருந்து பிளேட்டுல ஏதோ கோளாறுன்னு நெனைக்கிறேன்."

"பிளேட்டைக் குறை சொல்றதுக்கு முன்னாடி எம்எம்பிஎல்5 ஜீனைத் திறந்து பாருப்பா."

திறந்தான், அதுலயும் ஒரு ஃப்ரேம்ஷிஃப்ட், அதாவது பேஸ் கூடியோ குறைஞ்சோ ஜீனையே உடைக்கற மியூட்டேஷன். விஷயம் என்னன்னா, ஆர்வி0678 ஒரு ரெப்ரசர், எம்எம்பிஎஸ்5-எம்எம்பிஎல்5-ங்கற வெளியேத்தற பம்பை அமுக்கி வெச்சிருக்கும். ரெப்ரசர் உடைஞ்சா பம்ப் அதிகமா ஓடும், பெடாக்விலினும் க்ளோஃபாசிமின்ங்கற இன்னொரு டிபி மருந்தும் ரெண்டுமே வெளிய தள்ளப்படும், எம்ஐசி ஏறும். ஆனா பம்பே உடைஞ்சு கிடந்தா ரெப்ரசர் இருந்தா என்ன, போனா என்ன. அந்த ஸ்ட்ரெய்ன் மருந்துக்கு இன்னும் நல்லா பணியுது. சீக்வன்ஸை மட்டும் நம்பி ரிப்போர்ட் போட்டிருந்தா அந்த நோயாளிக்கு ஒரு நல்ல மருந்து கையைவிட்டுப் போயிருக்கும். பெடாக்விலினுக்கு 2012 கடைசியிலதான் அமெரிக்காவுல முதல் அனுமதி கிடைச்சுது, பல மருந்துக்கு ரெசிஸ்டன்ட் ஆன டிபி-க்கு ஒன்றரை வருஷத்துக்கும் மேல இழுத்த சிகிச்சையை ஆறு மாசத்துக்குக் கொண்டு வந்த கூட்டு மருந்துல அதுதான் முதுகெலும்பு, 2022-ல உலக சுகாதார நிறுவனமே அந்தக் கூட்டை பரிந்துரை பண்ணுச்சு. இப்படி ஒரு மருந்தைத் தப்பான ஒரு வரியால பறிக்கறதும் கொடுமை, ரெசிஸ்டன்ட் ஆனவருக்குத் தெரியாம கொடுக்கறதும் கொடுமை.

அப்போ ஒரு மியூட்டேஷன்தான் காரணம்னு எப்படி நிரூபிக்கறது? நான் மூணு விஷயம் கேப்பேன். முதல்ல, ரெசிஸ்டன்ஸ் வர்றதுக்கு முன்னாடி இருந்த தாய் ஸ்ட்ரெய்னை அதே நேரத்துல முழு ஜீனோம் சீக்வன்ஸ் பண்ணியிருக்கணும். டேட்டாபேஸ்ல இருக்கற எச்37ஆர்வி-யோட மட்டும் ஒப்பிட்டா உங்க ஃப்ரீசர்ல இருக்கற ஸ்ட்ரெய்னுக்குன்னே இருக்கற பழைய மாற்றங்கள் எல்லாம் புது மியூட்டேஷன் வேஷம் போட்டு நிக்கும். எச்37ஆர்வி-ங்கற ஒரே பேர்ல ஒவ்வொரு லேப்லயும் ஒரு வாரிசு வளருது, அவங்களுக்குள்ளயே வித்தியாசம் உண்டு.

ரெண்டாவது, அந்த மாற்றத்தைத் திருப்பிப் போட்டுப் பாக்கணும். ஜீன் உடைஞ்சதால வந்த ரெசிஸ்டன்ஸ்னா நல்ல காப்பியை உள்ள வெச்சா மருந்துக்கு மறுபடியும் பணியணும், அவ்வளவுதான், கேட்-ஜி மாதிரி ஜீனுக்கு இது போதும். மருந்து உக்கார்ற இடமே மாறின மியூட்டேஷனுக்கு இந்த வழி சுலபமா ஓடாது, செல்லுக்குள்ள நல்ல காப்பியும் மாறின காப்பியும் சேர்ந்தே இருந்தா ரிசல்ட் குழம்பிப்போகும், அங்க குரோமோசோம்லயே அந்த ஒரு பேஸை மட்டும் மாத்தணும். இப்ப ஃபேஜ் புரோட்டீனை வெச்சுப் பண்ற ரீகாம்பினியரிங் வந்ததுல இருந்து இது எவ்வளவோ பரவாயில்ல. இங்க ஒண்ணு அழுத்திச் சொல்லணும், நோய் உண்டாக்கற ஸ்ட்ரெய்னுக்குள்ள புதுசா ரெசிஸ்டன்ஸைக் கொண்டு போறதை நான் பண்ணவும் மாட்டேன், பண்ண விடவும் மாட்டேன். வீரியம் குறைச்ச, குறிப்பிட்ட வைட்டமினை வெளிய இருந்து கொடுத்தா மட்டுமே வளர்ற ஸ்ட்ரெய்ன்கள் இருக்கு, அதுல பண்ணலாம். இல்லன்னா ரெசிஸ்டன்ட் ஸ்ட்ரெய்னை சென்சிடிவா மாத்திக் காட்டலாம், நிரூபணம் அதே பலம்தான், ஆபத்து மட்டும் குறையுது. பயோசேஃப்டி கமிட்டிகிட்ட முன்கூட்டியே போங்க, அவங்க கேக்கற கேள்விகள் பல நேரம் உங்க எக்ஸ்பெரிமென்ட்டையே நல்லதா மாத்திடும்.

மூணாவது, ஜீனை உள்ள வெச்ச காலனி நிஜமா வாங்கின காலனிதானான்னு பிசிஆர் பண்ணி உறுதி பண்ணணும். கனமைசின் மார்க்கர் (கனமைசின் மருந்தைத் தாங்க வைக்கற ஜீன்) வெச்சு செலக்ட் பண்ணினா ஆர்ஆர்எஸ் ஜீன்லயோ ஈஐஎஸ் ப்ரமோட்டர்லயோ தானா மியூட்டேஷன் வந்த காலனியும் கூடவே வளரும், பாக்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். டிபி டிஎன்ஏ-யில ஜி-யும் சி-யும் சேர்ந்து 65 சதவீதத்துக்கு மேல, அதனால சாதாரண பிசிஆர் அடம் பிடிக்கும், கொஞ்சம் டிஎம்எஸ்ஓ இல்லன்னா பீட்டெய்ன் சேருங்க, ஜிசி அதிகமான டெம்ப்ளேட்டுக்குன்னு இருக்கற பாலிமரேஸ் எடுங்க. எலக்ட்ரோபொரேஷனுக்கு, அதாவது கரண்ட் ஷாக் கொடுத்து டிஎன்ஏ-யை உள்ள ஏத்தறதுக்கு, ஸ்மெக்மாடிஸ் செல்லை ஐஸ்ல வைக்கணும், டிபி செல்லை ரூம் டெம்பரேச்சர்ல வெச்சாத்தான் நல்லா வாங்குது, ஈகோலை பழக்கத்துல எல்லாத்தையும் ஐஸ்ல தூக்கி வைக்காதீங்க.

எண் குழப்பம் பத்தி ஒரு வார்த்தை. ஆர்பிஓபி-யில ரொம்பப் பேருக்குத் தெரிஞ்ச மியூட்டேஷனைப் பழைய பேப்பர்ல 531-னு பாப்பீங்க, புதுசுல 450-னு இருக்கும், ரெண்டும் ஒரே இடம்தான், பழசு ஈகோலையோட எண் வரிசை. எந்த வரிசைன்னு எழுதாத டேபிளை வெச்சு வேலை பண்ணாதீங்க. அதே ஜீன்ல புது வரிசைப்படி 491-வது இடத்து மாற்றம் அந்த 81 பேஸுக்கு வெளிய இருக்கு, ரிஃபாம்பிசின் ரெசிஸ்டன்ஸை சீக்கிரம் கண்டுபிடிக்கற ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட் அந்த ஜீன்ல அந்த 81-ஐ மட்டும்தான் பாக்கும், அதனால இந்த ரெசிஸ்டன்ஸை அது தவற விட்டுடும். எஸ்வாத்தினி நாட்டுல இந்த ஸ்ட்ரெய்ன் கணிசமா பரவியிருந்தது தெரிஞ்சப்போதான் இது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு எல்லாருக்கும் உறைச்சுது. நேர் எதிரா, அமினோ ஆசிட் மாறாத சைலன்ட் மியூட்டேஷன் அந்த 81-க்குள்ள விழுந்தா டெஸ்ட் ரெசிஸ்டன்ட்னு காட்டிடும், மருந்து ஒழுங்கா வேலை செய்யும். டெஸ்ட் மேல தப்பு இல்ல, லட்சக்கணக்கான பேருக்கு சீக்கிரம் சிகிச்சை கிடைச்சதே அதனாலதான், ஆனா அது எதைப் பாக்குது எதைப் பாக்காதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கணும்.

ரெசிஸ்டன்ஸும் டாலரன்ஸும் வேற வேற, இதைக் கலந்து எழுதின பேப்பர் இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு. ரெசிஸ்டன்ட்னா அந்த மருந்து அளவுல வளரும். டாலரன்ட்னா வளராது, ஆனா சாகறதுக்கு ரொம்ப நாள் எடுத்துக்கும், எம்ஐசி மாறவே மாறாது. கிளிசராலை சாப்பாடா எடுத்துக்க வேண்டிய ஜிஎல்பிகே ஜீன்ல வரிசையா ஏழு சி பேஸ் இருக்கற ஒரு இடம் இருக்கு, அங்க ஒரு பேஸ் கூடறதும் குறையறதும் சகஜம், அப்படி ஆனா கிளிசரால்ல காலனி சின்னதா வளரும், மருந்துக்கு டாலரன்ட்டா மாறும், திரும்ப பழைய நிலைக்கும் வந்துடும். நம்ம மீடியாவுலயோ கிளிசரால் கொட்டிக் கிடக்கு. அதனால டாலரன்ஸ் வேலைக்கு மீடியாவுல கார்பன் எதுல இருந்து வருதுன்னு முதல் நாளே முடிவு பண்ணுங்க, ஸ்டாக்கை அடிக்கடி சப்கல்ச்சர் பண்ணாம ஆரம்பத்துலேயே நிறைய வயல் ஃப்ரீஸ் பண்ணி வெச்சு ஒவ்வொரு தடவையும் புது வயல்ல இருந்து தொடங்குங்க. தொடர்ந்து மீடியாவுலயே ஓட்டிக்கிட்டிருந்தா வீரியத்துக்கு வேண்டிய பிடிஐஎம்-ங்கற சுவர் லிப்பிடையும் இழந்துடும், அப்புறம் விலங்குல வீரியம் குறைஞ்சிருக்கறதுக்கு நீங்க மாத்தின ஜீனைக் காரணம் சொல்லிக்கிட்டிருப்பீங்க.

பைரசினமைடு தனி ரகம். அது ஆசிட் மீடியாவுலதான் வேலை செய்யும், செல்லை அதிகமாப் போட்டா அதுவே பிஹெச்-ஐ ஏத்தி ரெசிஸ்டன்ட் மாதிரி காட்டிடும். அதை உசுப்பி மருந்தா மாத்தற பிஎன்சிஏ ஜீன்ல மியூட்டேஷன் ஒரு இடத்துல கூடாம ஜீன் முழுக்க சிதறிக் கிடக்கும். பைரசினமைடுக்கு மட்டும் ரெசிஸ்டன்ட்னு ஒரு ஸ்ட்ரெய்ன் வந்தா முதல்ல அது மாட்டுக்கு டிபி கொடுக்கற மைக்கோபாக்டீரியம் போவிஸான்னு பாருங்க, அதுக்கு பிஎன்சிஏ-யோட 57-வது இடத்து மாற்றத்தால இது பிறவிக் குணம்.

நோயாளிகிட்ட இருந்து வர்ற சாம்பிள்ல ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கறது செல்லாது. ஒரே சளியில ரெசிஸ்டன்ட்டும் சென்சிடிவும் கலந்தே இருக்கும், ஒரு காலனியைப் பொறுக்கி சீக்வன்ஸ் பண்ணினா எது மாட்டுதோ அதுதான் பதில். பழைய ப்ரப்போர்ஷன் முறையில 1 சதவீதம் ரெசிஸ்டன்ட் இருந்தாலே மொத்த ஸ்ட்ரெய்னையும் ரெசிஸ்டன்ட்னு எடுத்துக்கணும்னு விதி வெச்சாங்க, அதுக்குப் பின்னாடி பெரிய அனுபவம் இருக்கு. சாதாரண சாங்கர் சீக்வன்சிங்ல அந்த 1 சதவீதம் கண்ணுக்கே தெரியாது, அதனால காலனி பொறுக்காம பிளேட்டை மொத்தமா வழிச்சு எடுத்து ஆழமா சீக்வன்ஸ் பண்றதுதான் சரி. சீக்வன்ஸ் டேட்டாவுல பிஇ, பிபிஇ குடும்ப ஜீன்கள் ஜீனோம்ல பத்துல ஒரு பங்கு வரும், ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்கறதால சின்ன ரீடுங்க (மெஷின் படிச்ச டிஎன்ஏ துண்டுங்க) இடம் மாறி உக்காரும், அங்க தெரியற மியூட்டேஷனை வெச்சுக் கதை எழுதாதீங்க. டிஎன்ஏ எடுக்கறதுக்கு முன்னாடி, நிஜமா கொல்லுதான்னு பிளேட் போட்டு உறுதி பண்ணின முறையில சூட்டுல கொன்ன செல்லை மட்டும்தான் கன்டெய்ன்மென்ட் லேபை விட்டு வெளிய கொண்டு வரணும், இதுல பேச்சே இல்ல.

ரிப்போர்ட்ல என்ன எழுதறோம்ங்கறதும் வேலையில ஒரு பாகம்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-ல மியூட்டேஷன் பட்டியல் போட்டது, 38 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்ட்ரெய்னோட டேட்டா, 2023-ல ரெண்டாவது பதிப்பு 52 ஆயிரத்துக்கும் மேல. அதுல ரெசிஸ்டன்ஸோட சம்பந்தம் உள்ளது, இல்லாததுன்னு பிரிச்சதோட, முக்கியத்துவம் நிச்சயமில்லைன்னு ஒரு பெரிய கூட்டத்தைத் தனியா வெச்சிருக்காங்க. அந்தக் கூட்டத்துல இருக்கற மியூட்டேஷனைப் பார்த்தா "ரெசிஸ்டன்ட்"னும் எழுதாதீங்க, "மியூட்டேஷன் இல்ல"ன்னும் எழுதாதீங்க, எந்த மியூட்டேஷன், எத்தனை சதவீத ரீட்ல இருந்துது, எம்ஐசி எவ்வளவு, எந்த மீடியாவுல, இதை அப்படியே எழுதுங்க. டாக்டருக்கு அதுல இருந்து முடிவெடுக்கத் தெரியும், வேற ஊர்ல அதே மியூட்டேஷனைப் பாக்கற இன்னொரு லேபுக்கும் உங்க எம்ஐசி-தான் ஆதாரம், அடுத்த பதிப்புல அது நிச்சயமான பக்கத்துக்கு நகர்றதும் இப்படிச் சேர்ற டேட்டாவாலதான்.

கடைசியா பிளேட் விஷயம் ஒண்ணு. நாலாவது வாரம் காலனி எண்ணினதும் பிளேட்டைத் தூக்கி ஆட்டோகிளேவுக்கு அனுப்பிடாதீங்க. காயாம சீல் பண்ணி ஆறாவது வாரம் வரைக்கும் வெச்சு மறுபடி எண்ணுங்க. ரெசிஸ்டன்ஸுக்காக வளர்ச்சி வேகத்தை இழந்த மியூட்டன்ட்டுங்க லேட்டாத்தான் வரும், சின்னதா, ஓரத்துல. ரிஃபாம்பிசின் மியூட்டன்ட்ல அப்படி மெதுவானதை எடுத்து வெச்சுக்கிட்டா, பின்னாடி அதே ஆர்என்ஏ பாலிமரேஸோட இன்னொரு பாகத்தை செய்யற ஆர்பிஓசி ஜீன்ல இன்னொரு மியூட்டேஷன் வந்து அது வேகத்தை எப்படித் திரும்பப் பிடிக்குதுன்னு பாக்கறதுக்கு அதுதான் தொடக்கப் புள்ளி. ரெண்டாவது எண்ணிக்கையை வேற கலர் பேனாவுல மார்க் பண்ணி, தேதி போட்டு, தனியா ஃப்ரீஸ் பண்ணுங்க.